பத்தே முக்காலுக்கு வரவேண்டிய லாரி

கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் மனைவியை லாரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் வரைக்கும் போனேன். வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். புதுப்பெண்டாட்டி ஆயிற்றே, என்னைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தேன். "பின்னாடி பாதி காலியா இருக்கே, தினமும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

வண்டி நிறைகிறதா இல்லையா என்பது முதலாளியின் கவலை என்றேன். "அப்ப உங்க கவலை என்ன?" என்றாள். ரோடு என்றேன். அன்றிலிருந்து பதினோரு வருடமாக எங்கள் குடித்தனம் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. லாரிக்கு முன்னால் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், பின்னால் இருப்பதை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

பார்த்துக்கொள்கிறாள் என்று சும்மா சொல்லவில்லை. நான் ஓட்டுகிற அதே பார்சல் கம்பெனியின் எங்கள் ஊர்க் கிளையில் அவளுக்குக் கவுண்டரில் வேலை. பெட்டியை வாங்கி எடை போட்டு, ரசீது எழுதி, எந்தத் தேதிக்குப் போய்ச் சேரும் என்று சொல்வாள். அந்தத் தேதிக்குப் போய்ச் சேராதபோது திட்டு வாங்குவதும் அவள்தான். எங்கள் கம்பெனிக்குப் பன்னிரண்டு ஊர்களில் கிளைகள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எதை அனுப்பினாலும், அது முதலில் பெரிய நகரத்தில் இருக்கும் தலைமைக் கிடங்குக்குப் போகும். அங்கே இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்றி, போகவேண்டிய ஊருக்கு அனுப்புவார்கள். பக்கத்து ஊருக்குப் போகிற தையல் மெஷின்கூட முந்நூறு கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்த வேலையை நானும் இருபது வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். யாராவது ஏன் என்று கேட்டால், அப்படித்தான் என்பேன்.

ஒரு நாள் ஒரு தச்சர் கவுண்டருக்கு வந்தார். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மகளுக்குத் தன் கையால் செய்த நாற்காலியை அனுப்பியிருந்தார். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்திருக்கிறது. வழக்கமாக இப்படி வருகிறவர்கள் கவுண்டர் கண்ணாடியைத் தட்டிக் கத்துவார்கள். அவர் கத்தவில்லை. "நான் தலையில தூக்கி வச்சுக்கிட்டு நடந்திருந்தாக்கூட ரெண்டாம் நாள் போயிருப்பேம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவோ வசவுகளை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவளுக்கு இந்த ஒரு வார்த்தை பொறுக்கவில்லை. அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்று மாதம் ரசீதுகளைப் புரட்டினாள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பார்சல் என்று பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு நிரப்பினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் இருந்த அத்தனை டப்பா மூடிகளையும் கழற்றித் தரையில் பரப்பினாள். பன்னிரண்டு மூடிகள், பன்னிரண்டு ஊர்கள். ஒவ்வொரு மூடியிலும் நூறு பார்சலுக்கு ஒன்று என்று பழைய சட்டைப் பட்டன்களைப் போட்டாள். உப்பு ஜாடியின் மூடிதான் கிடங்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தபடி, இங்கே வைத்தால் எவ்வளவு, அங்கே வைத்தால் எவ்வளவு என்று நூல் பிடித்து அளந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் பெருக்கல் போட்டுக் கொடுத்தாள். நான் கட்டிலில் படுத்தபடி யோசனை சொன்னேன். அதைத்தானே புருஷன்மார் நாங்கள் நன்றாகச் செய்வோம்.

"நெறையப் பட்டன் எங்க இருக்கோ அங்க வையேன்" என்றேன்.

"வச்சுப் பாத்துட்டேன். அந்த ஒரு ஊருக்கு நல்லாயிருக்கு. மத்த பதினொண்ணும் அழுவுது."

"அப்ப நட்டநடுவுல வை."

"நடுவுல வச்சா, ரெண்டே ரெண்டு பட்டன் இருக்கிற ஊருக்கும் இருபது பட்டன் இருக்கிற ஊருக்கும் ஒரே மரியாதை. பட்டன் இருக்கிற பக்கம் கொஞ்சம் சாயணும். அதுக்காக, தூரத்துல இருக்கிறவங்களைக் கைவிட்டுடவும் கூடாது."

சாயங்காலம் வரை உப்பு மூடி அலைந்தது. கடைசியில் அது வந்து நின்ற இடத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே ஊரே கிடையாது. இரண்டு பெரிய ரோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஒரு பொட்டல். பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய சிமெண்ட் கிடங்கு, அதற்கு முன்னால் லாரி திருப்பும் அளவுக்கு முற்றம், அவ்வளவுதான். இருபது வருடத்தில் சிறுநீர் கழிக்கக்கூட நான் அங்கே வண்டியை நிறுத்தியதில்லை. அதைச் சொன்னேன். "சிமெண்ட் கிடங்கு இருக்கா? எத்தனை லாரி நிக்கும்?" என்று அவள் உடனே நோட்டை எடுத்தாள்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு பையில் பன்னிரண்டு மூடிகளையும் உப்பு மூடியையும் பட்டன்களையும் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போய் முதலாளி முன்னால் நின்றாள். மேஜை போதாது என்று அவருடைய அறைத் தரையிலேயே கடை பரப்பிவிட்டாளாம். கொஞ்ச நேரம் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளி பிறகு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தலைமைக் கிடங்கு அவருடைய அப்பா கட்டியது. அதை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்.

"ஒண்ணுமே இல்லாத எடத்துல எதுக்கும்மா கிடங்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"கிடங்குக்கு யாரும் பார்சல் வாங்க வரப்போறதில்ல சார். லாரிங்க வந்து சரக்கை மாத்திக்கிட்டுத் திரும்பப் போகணும். அதுக்கு ஒண்ணுமே இல்லாத எடந்தான் நல்லது."

முதலாளி நான்கு வாரம் கொடுத்தார். நான்காவது வாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பார்சலாவது சொன்ன தேதிக்குப் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் சிமெண்ட் கிடங்கு நிலைக்கும், பன்னிரண்டு ஊர் லாரிகளுக்கும் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை அவளுடையது. சேராவிட்டால் எல்லாம் பழையபடி தலைமைக் கிடங்குக்கு. அவளும் கவுண்டருக்கு. இன்னொரு தடவை இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. பழைய முறையில் திங்கட்கிழமை கிளம்பினால் புதன்கிழமை வருவேன், வியாழன் கிளம்பினால் சனிக்கிழமை. புது முறையில் எல்லா லாரியும் காலையில் அவரவர் ஊரிலிருந்து கிளம்பி, நடுவில் சந்தித்து, சரக்கை மாற்றிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடும். அதாவது, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். இதை அவள் முதலாளியிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அட்டவணையைப் பார்த்து நானே கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றைக்கு மனசு நிறைந்து போயிற்று.

அட்டவணை எளிமையானதுதான். கிடங்கில் லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தி இறக்குகிற மேடைகள் ஆறு. லாரிகள் பன்னிரண்டு. தூரத்து ஊர்களிலிருந்து வரும் ஆறும் பத்து மணிக்கு வந்து, இறக்கிவிட்டு, முற்றத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும். பக்கத்து ஊர்களிலிருந்து வரும் ஆறும் பத்தே முக்காலுக்கு வந்து இறக்க வேண்டும். அதற்குள் சரக்கைப் பிரித்து வைத்திருப்பார்கள். பிறகு தூரத்து லாரிகள் முதலில் ஏற்றிக்கொண்டு கிளம்பும், பக்கத்து லாரிகள் அடுத்து. ஒரு மணிக்குக் கிடங்கு காலி. என் ஊர் இரண்டரை மணி நேரத் தூரம். என் நேரம் பத்தே முக்கால்.

முதல் வாரம் முடிந்து கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்தொன்று. இரண்டாம் வாரம் அறுபத்தெட்டு. நான் வீட்டுக்கு வந்து சேர ஒன்பதாகியது. சில நாள் அதற்கும் மேல். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிடங்கிலிருந்து வரும் பதிவுத் தாள்களை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கூட்டினாள். அந்தத் தாளில் எல்லா லாரியும் சரியான நேரத்துக்கு வந்ததாகத்தான் எழுதியிருந்தது. பத்து, பத்து, பத்து. பத்தே முக்கால், பத்தே முக்கால், பத்தே முக்கால். லாரி நேரத்துக்கு வருகிறது, பார்சல் மட்டும் வரவில்லை என்றால் அது என்ன கணக்கு?

"தூரத்து வண்டிங்கதான் தாமதம் பண்றாங்க" என்று நான் சொன்னேன். "நாங்க உள்ள தயாரா நிக்கிறோம். அவங்க வெளியிலயே கெடக்கறாங்க."

"தாள்ல பத்துன்னு போட்டிருக்கே?"

"தாள் என்ன கண்டுச்சு."

அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்னால் ஆனது என்ன என்று யோசித்தேன். ஒரு லாரிக்காரனால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். இன்னும் சீக்கிரமாகக் கிளம்பினேன். முதல் நாளே ஒரு பாதுகாப்புக்காக ஒரு மணி முன்னால் போயிருந்தேன். பிறகு ஒன்றரை மணி. இரண்டாம் வாரம் காலை ஆறு மணிக்கே வண்டியை எடுத்து எட்டரைக்கெல்லாம் முதல் மேடையில் ஒட்டி நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவேன். முதலில் வந்தவன் முதலில் இறக்குவான் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். இருபது வருடத்தில் யாரும் என்னை முந்தியதில்லை. என் பெண்டாட்டியின் திட்டம் தோற்றுப்போக நான் விடுவேனா?

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கிடங்குக்கு வந்துவிட்டாள். ஒன்பதரை மணி இருக்கும். நான் காபினில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் குடை. நம் வீட்டுக் குடை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். குடைக்குக் கீழே ஆளும் நம் வீட்டு ஆள்தான்.

அவள் நேராக என்னிடம் வரவில்லை. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆறு மேடையிலும் பக்கத்து ஊர் லாரிகள். இறக்கிவிட்டாலும் நாங்கள் நகரமாட்டோம், இடம் போய்விடுமே, ஏற்றிக்கொண்டுதான் போவோம். பத்து மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி தூரத்து லாரிகள் ஆறும் வந்து, உள்ளே இடமில்லாமல் ரோட்டோரமாக வரிசையில் நின்றன. நாங்கள் ஏற்றவேண்டிய சரக்கெல்லாம் வெளியே நின்ற அந்த லாரிகளில். அவர்களுக்கு வேண்டிய மேடையெல்லாம் எங்களிடம். இரண்டு வாரமாக நாங்கள் தினமும் மத்தியானம் வரை இப்படி ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் பெட்டி பெட்டியாகத் தோளில் சுமந்து மாற்றிக்கொண்டிருந்தோம்.

வரிசையில் முதலில் நின்றது சித்தப்பாவின் வண்டி. எங்களுக்குள் மூத்த டிரைவர் அவர், உறவு முறையில் யாருக்கும் சித்தப்பா இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் சித்தப்பா. என் மனைவி அவரிடம் போய், "நீங்க தினமும் பத்து மணிக்கு வந்துடறீங்களா?" என்று கேட்டாள்.

"டாண்ணு வந்துடுவேன் பாப்பா. ரெண்டு வாரமா இங்கதான் நிக்கிறேன்."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

சித்தப்பா என் வண்டியைக் கண்ணால் காட்டினார். "உள்ள நிக்கிறது உன் வீட்டுக்காரர். அவரை எழுப்பி நகருய்யான்னு நான் எப்படிச் சொல்றது?"

அடுத்து பக்கத்து ஊர் டிரைவர்களைக் கேட்டாள், அட்டவணையில் பத்தே முக்கால் என்று இருக்கும்போது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறீர்கள் என்று. அவர்கள் சொன்ன பதில் என் காபின் வரைக்கும் கேட்டது. "அக்கா, காகிதத்துல ஆயிரம் போடுவாங்க. அட்டவணை போட்டவங்க வீட்டுக்காரரே எட்டரைக்கு வந்து நிக்கிறாருன்னா அதுதானே அசல் நேரம். அவருக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போவுது?"

மிச்சம் இருந்தது பதிவுத் தாள். அதை எழுதுவது கிடங்கு மேஸ்திரியம்மா. லாரி வந்த நேரம் என்ற கட்டத்தில் அவர் தினமும் அட்டவணையைப் பார்த்து அழகான கையெழுத்தில் காப்பி எடுத்து வைத்திருந்தார். "போட்டிருக்கிற நேரத்தைத்தானேம்மா எழுதணும்? மாத்தி எழுதினா தப்பாயிடாதா?" என்று அவர் கேட்டபோது என் மனைவி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் என் வண்டிக்கு வந்தாள். பதினோரு டிரைவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்க நேரம் என்ன?"

"பத்தே முக்கால்."

"இப்ப மணி என்ன?"

"பத்து அஞ்சு."

"வண்டியை எடுத்து வெளிய நிறுத்துங்க. பத்தே முக்காலுக்கு வாங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். அவள் குடையை மடக்கிக் கேட்டைக் காட்டினாள். அன்றைக்கு நான் வண்டியை எடுத்து முற்றத்தைத் தாண்டி வெளியே போன அந்த ஐம்பது அடிதான் என் வாழ்க்கையிலேயே நான் ஓட்டிய நீளமான தூரம். எனக்குப் பின்னால் மற்ற ஐந்து லாரிகளும் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் வெளியே வந்தன. பெண்டாட்டியே புருஷனை விரட்டும்போது, மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா?

ரோட்டோரத்தில் ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பொருமினேன். நான் யாருக்காகச் சீக்கிரம் வந்தேன்? யாருக்காக ஐந்து மணிக்கே எழுந்து ஓடினேன்? கோபத்தில் அன்றைக்கு வாங்கிவைத்த வாழைப்பழம் ஆறையும் நானே தின்றேன். மத்தியானம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவள் இரண்டு கிளாஸ் டீயோடு காபினுக்குள் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டியே" என்றேன்.

"எனக்காகத்தான் சீக்கிரம் வந்தீங்கன்னு தெரியும். வேற யாரையாவது முதல்ல வெளிய அனுப்பியிருந்தா இங்கயே சண்டையாயிருக்கும். உங்ககூடச் சண்டை போடறதுக்குத்தான் தனியா வீடு இருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்றுதான் பார்த்தேன். அன்றைக்கு ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் கிடங்கு காலியானது. நான் வெளியே நின்ற அந்த மரத்தடிக்கு மறுநாளே டிரைவர்கள் 'மாப்பிள்ளை ஸ்டாண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீக்கிரம் வருகிற வண்டி எதுவானாலும் அங்கேதான் நிற்கவேண்டும். "மாப்பிள்ளை ஸ்டாண்டுல ரெண்டு வண்டி நிக்குது" என்று மேஸ்திரியம்மா இப்போதெல்லாம் பதிவுத் தாளிலேயே எழுதுகிறார். உண்மையான நேரத்தோடு.

மீதி இரண்டு வாரமும் அவள் பக்கத்துக் கிராமத்தில் இருந்த மேஸ்திரியம்மா வீட்டில் தங்கிவிட்டாள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அவள் போட்ட திட்டப்படி நான் தினமும் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வீட்டில்தான் அவள் இல்லை. காலையில் எட்டேகால் வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. இரண்டு மணி நேரம் சீக்கிரம் கிளம்பிப் பழகியவனுக்கு அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளுக்குத் தலை பின்னினேன். முதல் நாள் பின்னலைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சரக்கு கட்டற முடிச்சு" என்றாள். உண்மைதான், எனக்குத் தெரிந்த முடிச்சு அதுதான். ஆனால் சாயங்காலம் வரைக்கும் அவிழவில்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஒரு வாரத்தில் இரட்டைப் பின்னல் வரைக்கும் முன்னேறினேன். அவளுடைய வகுப்பு ஆசிரியை பெயர், தோழிகளின் பெயர், யாரோடு பேச்சு, யாரோடு காய் என்பதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வாரத்தில்தான் தெரியவந்தது. பெற்ற மகளைப் பற்றி இவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டதில் எனக்கு வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

மூன்றாம் வாரம் எண்பத்தொன்பது. நான்காம் வாரம் தொடக்கம் நன்றாகத்தான் போயிற்று. வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் வண்டி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. மாற்று டயரும் காற்றில்லாமல் சப்பையாகக் கிடந்திருக்கிறது. மத்தியானம் இரண்டரைக்குத்தான் வந்து சேர முடியும் என்று போனில் சொன்னார். அவர் வண்டியில் மற்ற ஊர்களுக்குப் போகவேண்டிய பார்சல்கள் நூற்று அறுபது. அவை அன்றைக்குப் போகாவிட்டால் அத்தனையும் தாமதக் கணக்கில் சேரும். எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"நின்னு வாங்கிட்டுப் போயிடலாம்" என்று நான் சொன்னேன். "நூத்தி அறுபதும் போச்சுன்னா உன் தொண்ணூத்தஞ்சு என்ன ஆகும்?"

அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. "அவருக்காகப் பதினோரு வண்டி ஒண்ணரை மணி நேரம் நின்னா, பதினோரு ஊர்லயும் இன்னிக்கு வீட்டுக்கு வீடு கொண்டுபோற நேரம் தாண்டிடும். நூத்தி அறுபதைக் காப்பாத்தப் போய் ஆயிரத்தை விடணும். கிளம்புங்க."

"கணக்கு சரி. தோத்துட்டா?"

"தோத்தாலும் சரியாப் பண்ணித் தோத்ததா இருக்கட்டும்."

அவள் குரல் நடுங்கியது. எனக்கு மட்டும்தான் அது கேட்டது. பதினோரு லாரிகளும் நேரத்துக்குக் கிளம்பின. சித்தப்பா வந்து சேர்ந்தபோது காலியான முற்றத்தில் அவள் தனியாக நின்று, அவர் சரக்கை மறுநாளுக்காக அடுக்கிவைக்க இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாளாம். அவர் மன்னிப்புக் கேட்டதற்கு, முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னாளாம்.

சனிக்கிழமை மாலை முதலாளி கிடங்குக்கு வந்து கணக்குப் பார்ப்பதாக ஏற்பாடு. நான் என் நேரப்படி ஒரு மணிக்குச் சரக்கோடு கிளம்பி ஊருக்கு வந்து, இறக்கிவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தேன். ஆறு மணிக்குப் போன் செய்தேன். "பஸ்ல ஏறிட்டேன். வந்து சொல்றேன்" என்றாள். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. நல்ல செய்தி என்றால் உடனே சொல்லியிருப்பாளே என்று ஒரு மனசு. கெட்ட செய்தி என்றாலும் உடனே சொல்கிறவள்தானே என்று இன்னொரு மனசு. இருப்புக் கொள்ளவில்லை. சமைக்க ஆரம்பித்தேன். மகள் பக்கத்தில் நின்று, அம்மா இவ்வளவு எண்ணெய் விடமாட்டாள், அம்மா இப்படி வெட்டமாட்டாள் என்று மேற்பார்வை பார்த்தாள்.

எட்டரைக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே அவள் பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடுவது கேட்டது. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

தேடிக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அவள் வெளியே நிற்க நான் உள்ளேயிருந்து கதவைத் திறந்தது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது.

"எவ்வளவு?" என்றேன்.

"முதல்ல தண்ணி குடுங்க."

கொடுத்தேன். முழுக்கக் குடித்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. "தொண்ணூத்தஞ்சரை" என்றாள். "சித்தப்பா வண்டியோட நூத்தி அறுபதையும் தாமதத்துல சேத்துதான். மொதலாளி ரெண்டு தடவை கூட்டிப் பாத்தார். நம்ம கிளையிலயே மாடி ரூமை எனக்குக் குடுக்கச் சொல்லிட்டார். அங்கேயிருந்தே பன்னெண்டு ஊரையும் பாத்துக்கலாம். திங்கக்கிழமை என்னைக் கவுண்டர்ல தேடாதீங்க."

மகள் கத்திக்கொண்டே ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மகளின் பின்னலைத் தடவிப் பார்த்து, யார் பின்னியது என்று கேட்டாள். மகள் என்னைக் கைகாட்டினாள். அதற்கும் அவள் சிரிக்கத்தான் செய்தாள். நல்ல செய்தி சொல்லும்போதும் அழாதவள், வெள்ளிக்கிழமை நடுமுற்றத்தில் நின்றபோதும் அழாதவள்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். எத்தனையோ வருடமாகத் தினமும் போனில் கேட்கிற கேள்விதான், வாய் தானாகக் கேட்டுவிட்டது. நானும் ஏதோ ஒரு ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, ஆச்சு, நீ சாப்பிடு என்று சொல்லிச் சொல்லிப் பழகியவன்.

"இல்ல" என்றேன். "நீ வரட்டும்னு இருந்தோம்."

அப்போதுதான் அவள் அழுதாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஜெயித்துவிட்டு எதற்கம்மா அழுகிறாய் என்று கேட்டாள். நான் உள்ளே போய்த் தட்டு எடுத்துவந்து போட்டேன். மூன்று தட்டு.